சொல்லும் பொருளும்: ஆலை உமிழலாமா?

சென்ற இதழில் அனல் மின்நிலையங்களைப் பற்றி வெளியான கட்டுரையில் ‘உமிழ்வு’ என்ற சொல் ஏறக்குறைய ஒவ்வொரு பத்தியிலும் இடம்பெற்றிருந்தது. ஆங்கிலத்தில் ‘எமிஷன்ஸ்’ எனப்படுவதற்கு அதுதான் சரியான சொல்லா, அதைப் பேச்சில் யாராவது பயன்படுத்துகிறார்களா என்றெல்லாம் கேட்டு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கிவிட்டோம். வழக்கமான சந்தி, ஒற்றுக் கேள்விகள் அடுத்த இதழில் தொடரும்.

கேள்வி: ‘காறி உமிழ்ந்தான்’ என்பதில் வரும் அருவருப்பான சொல்லை அறிவியல் கட்டுரையின் தலைப்பில் வைக்கலாமா? ‘வெளியேற்றம்’ என்ற கண்ணியமான சொல் இருக்கிறதே! (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்)

பதில்: ஐயா, உங்கள் ஐயத்துக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு வயது இருக்கும். பல்லவர் காலத்துக் காஞ்சியில் வாழ்ந்தவராகக் கருதப்படும் தண்டி, தம்முடைய காவியாதர்சம் என்ற வடமொழி அணிநூலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறார். துப்புதல், கக்குதல், வாந்தியெடுத்தல் போன்ற சொற்கள் நேர்ப்பொருளில் வந்தால் நாட்டுப்புறத் தன்மை கொண்டவை. ஆனால் ஒன்றன் செயலை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லும்போது அவையே மிக அழகாகிவிடும் என்பது அவர் தீர்ப்பு. அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது. கதிரவனின் கதிர்கள் உமிழ்ந்த தீப்பொறிகளைக் குடித்த தாமரைகள், சிவந்த மகரந்தத்தைச் சிந்தும் தம் வாய்களால் அவற்றை மறுபடியும் கக்குகின்றனவோ என்று பாடினால் அது இனிமை. ‘மணப்பெண் துப்புகிறாள்’ என்று பாடினால் அது இனிமையன்று என்று சொல்லி முடித்துவிடுகிறார்.

தமிழ் வழக்கும் இதற்கு ஒத்தே நடந்து வந்திருக்கிறது. நிலவு ஒளியை உமிழ்கிறது. மேகம் மழையை உமிழ்கிறது. நாகம் மாணிக்கத்தை உமிழ்ந்து வைத்துவிட்டு அதன் வெளிச்சத்தில் இரை தேடுகிறது என்று நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். வாய்க்குள் ஊறும் நீருக்கு ‘உமிழ்நீர்’ என்ற பெயர் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அதைப் படிக்கும் எந்தப் பிள்ளையும் முகம் சுளிப்பதில்லை. முன்னே வரும் ‘காறி’ என்ற சொல்தான் அருவருப்பைக் கொண்டுவருகிறதே தவிர, ‘உமிழ்’ என்பது தன்னளவில் நடுநிலையான வினை. தன்னுள்ளே இருந்ததை, அல்லது தன்னுள்ளே உருவானதை, ஒரு பொருள் வெளியே விடுகிறது என்பதே அதன் அடிப்படைப் பொருள்.

‘வெளியேற்றம்’ கண்ணியமானதுதான். ஆனால் அது ஏற்கெனவே பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. குடிசைவாசிகள் வெளியேற்றம், கால்பந்துப் போட்டியில் ஓர் அணி வெளியேற்றம், மழைநீர் வெளியேற்றம், அவையிலிருந்து உறுப்பினர்கள் வெளியேற்றம் என நாளிதழின் ஒரே பக்கத்தில் நான்கு வெளியேற்றங்களைக் காணலாம். தவிர, ‘வெளியேற்றம்’ என்றால் வெளியே போனவரைத்தான் நாம் நினைக்கிறோம். ‘உமிழ்வு’ என்றால் உமிழ்ந்தவர் யார் என்று மனம் தேடுகிறது. எனக்கு அந்தச் சொல் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம். ‘ஆலைப் பகுதியில் உமிழ்வு ஏற்படுகிறது’ என்று எழுவாயை மறைத்து எழுதுவதைவிட, ‘ஆலை நச்சுவாயுவை உமிழ்கிறது’ என்று வினைமுற்றாகவே எழுதிவிடுங்கள் என்று இளம் செய்தியாளர்களிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு.

கேள்வி: ‘எமிஷன்’, ‘எமிஷன்ஸ்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு? தமிழில் ‘உமிழ்வுகள்’ என்று எழுத வேண்டுமா? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: ஆங்கிலத்தில் ஒருமையில் வரும்போது பெரும்பாலும் செயலைக் குறிக்கும், பன்மையில் வரும்போது அந்தச் செயலால் வெளிவந்த பொருளைக் குறிக்கும். விளக்கிலிருந்து ஒளி வெளிப்படும் நிகழ்வு ‘எமிஷன்’. புகைபோக்கி வழியாக ஓர் ஆண்டில் வெளிவந்த வாயுக்களின் மொத்தம் ‘எமிஷன்ஸ்’. சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ள ‘எமித்தெரே’. வெளியே அனுப்புதல் என்று பொருள். ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்று நாம் சொல்லும் மிஷனும், ஏவுகணையைக் குறிக்கும் ‘மிஸைல்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்த உடன்பிறப்புகள். அவர்கள் மொழியில் அனுப்பிவைக்கிறார்கள், நம் மொழியில் உமிழ்கிறோம். எது உண்மைக்கு நெருக்கமானது என்பதை ஆலைக்கு அருகே குடியிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தமிழில் ‘வாழ்’ என்பதிலிருந்து ‘வாழ்வு’, ‘நிகழ்’ என்பதிலிருந்து ‘நிகழ்வு’ வருவதுபோல ‘உமிழ்’ என்பதிலிருந்து ‘உமிழ்வு’ வருகிறது. அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ விகுதி இல்லாமலே பன்மையை உணர்த்தும் என்பதை ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆகவே ‘நாட்டின் கார்பன் உமிழ்வு’ என்றாலே போதும். ‘உமிழ்வுகளைக் குறைப்பதற்கான முயற்சிகளின் விளைவுகள்’ என்று அடுக்கிக்கொண்டே போனால் வாசிப்பவர் தொண்டையில் சிக்கும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. அகராதியில் ‘எமிஷன்’ என்பதற்கு மருத்துவப் பொருள் ஒன்றும் உண்டு. நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் ‘சொப்பன ஸ்கலிதம்’ என்று பல்லாண்டுகளாக எழுதப்பட்டு வருவது அதைத்தான். இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி அந்தப் பொருளில் ‘இரவு உமிழ்வு’ என்று அச்சிட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தை நான் பார்த்திருக்கிறேன். அனல் மின்நிலையம் இரவுப் பணியில் ஓடுவதைப் பற்றியதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

கேள்வி: எல்.இ.டி. விளக்கை ‘ஒளி உமிழ் டையோடு’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தானா? (பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)

பதில்: இதே சொல்தான். இயற்பியலில் உமிழ்வுக்கும் மாசுக்கும் தொடர்பில்லை. ‘லேசர்’ என்ற சுருக்கப் பெயரின் நடுவே உள்ள ‘எஸ்’, ‘இ’ என்ற எழுத்துகள் குறிப்பதும் தூண்டப்பட்ட உமிழ்வையே (ஸ்டிமுலேட்டட் எமிஷன்).

கேள்வி: என் ஸ்கூட்டரிலிருந்து துளிகூடப் புகை வருவதில்லை. பிறகு எதற்குப் புகைப் பரிசோதனை? அதை ‘எமிஷன் டெஸ்ட்’ என்று ஏன் சொல்கிறார்கள்? (வாசகர், வேலூர்)

பதில்: நல்ல கேள்வி. பேச்சு வழக்கில் நம்மிடம் உள்ள சொல் ‘புகை’. ‘வண்டி புகை தள்ளுது’ என்கிறோம். அனுபவமுள்ள மெக்கானிக் புகையின் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்: நீலமாக வந்தால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை, குளிர்ந்த காலையில் சற்று நேரம் வெள்ளையாக வந்தால் அது பெரும்பாலும் நீராவி. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பரிசோதனை நிலையத்தில் பெட்ரோல் வண்டிக்கு அளக்கப்படுவதோ கண்ணுக்குத் தெரியாதவை.

சென்ற மாதம் என் வண்டியை ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்த இளைஞர் என்ஜினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீண்ட ரப்பர்க் குழாயின் முனையில் இருந்த மெல்லிய எஃகுக் குச்சியைச் சைலன்சருக்குள் செருகினார். திரையில் இரண்டு எண்கள் ஏறி இறங்கி நின்றன. ஒன்று கார்பன் மோனாக்சைடின் அளவு, விழுக்காட்டில். மற்றது எரியாமல் தப்பிவந்த ஹைட்ரோகார்பனின் அளவு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளுக்கு இவற்றின் வரம்பு 3.5 விழுக்காடும் 4500 பங்கும் ஆகும், பாரத் ஸ்டேஜ் 6 (பி.எஸ்.-6) என்ற புதிய தரத்தில் வந்த வண்டிகளுக்கு வரம்பு பன்மடங்கு கடுமையானது. டீசல் வண்டிக்கு மட்டுமே உண்மையில் ‘புகை’ அளக்கப்படுகிறது, அதாவது வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே டீசல் லாரிக்குப் ‘புகைப் பரிசோதனை’ என்பது பொருத்தம். உங்கள் ஸ்கூட்டருக்கு ‘உமிழ்வுப் பரிசோதனை’ என்பதே பொருத்தம். ஆனாலும் பேச்சில் ‘புகை டெஸ்ட்’ என்றே சொல்லுங்கள், ‘தம்பி, உமிழ்வுப் பரிசோதனை செய்ய வேண்டும்’ என்று கேட்டால் அந்த இளைஞர் உங்களை எச்சில் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவைக்கக்கூடும். (இதற்கு முந்தைய முறை சென்ற வேறொரு நிலையத்தில், குச்சி சைலன்சரைத் தொடும் முன்பே சான்றிதழ் அச்சாகி என் கைக்கு வந்துவிட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.)

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புவி வெப்பமாவதற்கு முதற்காரணமான கார்பன் டை ஆக்சைடுக்கு இந்தச் சான்றிதழில் வரம்பே கிடையாது. என்ஜின் எவ்வளவு நன்றாக எரித்தாலும் அந்த வாயு வந்துதான் தீரும். நன்றாக எரிந்ததற்கு அடையாளமே அதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் அதை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ. குறைந்த எடையிலிருந்து கூடுதல் எடை எப்படி வரும் என்று திகைக்க வேண்டாம். பெட்ரோலில் உள்ள கார்பன் அணு ஒன்றின் நிறை 12 என்றால், அது காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு 44 ஆகிவிடுகிறது. அரை லிட்டர் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தால் ஒரு கிலோவுக்கு மேல் காற்றில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். துளிப் புகையும் தெரிந்திருக்காது.

ஆகவே ‘உமிழ்வு’ என்று எங்கே படித்தாலும், எதன் உமிழ்வு என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் சிக்கியபோது உலகம் முழுவதும் ‘எமிஷன்ஸ் மோசடி’ என்று எழுதினார்கள். சோதனை நடக்கிறது என்பதை உணர்ந்து அப்போது மட்டும் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் அந்த நிறுவனம் பொருத்தியிருந்தது. அங்கே பேசப்பட்டது நைட்ரஜன் ஆக்சைடுகள், அதாவது நுரையீரலைப் பாதிக்கும் வாயுக்கள். தமிழில் அப்போது வந்த சில செய்திகள் அதைக் ‘கார்பன் மோசடி’ என்று எழுதிவிட்டன. உமிழ்வு என்றாலே கார்பன்தான் என்று கை பழகிவிட்டதன் விளைவு.

கேள்வி: இலங்கையில் நாங்கள் இதை எப்படிச் சொல்கிறோம் என்பதையும் எழுதுங்களேன். (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் பக்கத்துச் சொல் ஒன்றின் மேல் எனக்கு நீண்டநாள் பொறாமை உண்டு. இலங்கைப் பாடநூல்களில் ‘எமிஷன்’ என்பதற்குக் ‘காலல்’ என்ற சொல் ஆளப்படுகிறது. ‘ஐதரசனின் (இங்கே ஹைட்ரஜன்) காலல் நிறமாலை’ என்று உங்கள் உயர்தர மாணவர்கள் (இங்கே பிளஸ் டூ) படிக்கிறார்கள். ‘கால்’ என்பது உமிழ், கக்கு என்ற பொருளுள்ள பழந்தமிழ் வினை. ‘நஞ்சு கான்ற’ என்ற வழக்கில் அதன் இறந்தகாலத்தைக் காணலாம். தமிழகத்தில் அந்த வினை செத்துவிட்டது. ‘கால்’ என்றால் இங்கே பாதம், அல்லது நான்கில் ஒரு பங்கு மட்டும்தான். ஆனால் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் வாங்குமுன் நீங்கள் செய்துகொள்ளும் சோதனையைப் ‘புகைப் பரிசோதனை’ என்றுதான் அங்கும் சொல்கிறார்கள். தெருவுக்கு வந்ததும் இரு கரையும் ஒன்றாகிவிடுகிறது.

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுநீர் ஆற்றில் விடப்படுவதை ‘உமிழ்வு’ என்று எழுதலாமா? வாயுக் கசிவு நேர்ந்தால் அதுவும் உமிழ்வா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இரண்டையும் அப்படி எழுத வேண்டாம். காற்றில் கலப்பதற்கே உமிழ்வு என்ற சொல்லை வைத்துக்கொள்வது நல்லது. நீரில் கலப்பதற்குக் ‘கழிவுநீர்’, ‘சாயக்கழிவு’ என்று நொய்யல் கரையில் எல்லாரும் புரிந்துகொள்ளும் சொற்கள் இருக்கின்றன. இந்தியச் சட்டங்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலைக் கழிவுநீரைப் பற்றிப் பேசுகிறது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம்தான் ‘எமிஷன்’ என்பதற்கு விளக்கம் தருகிறது. புகைபோக்கி, குழாய்வழி, அல்லது வேறு எந்தத் திறப்பின் வழியாகவும் வெளிவரும் திட, திரவ, வாயுப் பொருள் எதுவாயினும் அது உமிழ்வே என்பது அதன் சாரம். திடப்பொருளும் அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வந்து மொட்டைமாடியில் காயும் வற்றல்மீது படியும் சாம்பலும் சட்டப்படி உமிழ்வுதான்.

கசிவு முற்றிலும் வேறு. உமிழ்வு என்பது ஆலை தன் வேலையைச் செய்யும்போது, அதற்கென அமைத்த வழியாக வருவது. கசிவு என்பது வரக்கூடாத வழியாக, வரக்கூடாத நேரத்தில் வருவது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நடந்ததை எந்த மொழியிலும் எவரும் உமிழ்வு என்று சொல்லவில்லை. விஷவாயுக் கசிவு என்றே வரலாற்றில் பதிந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதும் கசிவுதான். வல்லுநர் மொழியில் ‘தப்பிச்செல்லும் உமிழ்வு’ என்று, குழாய் மூட்டுகளிலும் வால்வுகளிலும் இடைவிடாமல் சிறிது சிறிதாக வெளியேறுவதைக் குறிக்கும் ஒரு வகைப்பாடு உண்டு என்பது மெய்யே. ஆனால் அந்தப் பெயரைப் பயன்படுத்தி ஒரு விபத்தைச் சாதாரண நிகழ்வுபோல ஆக்கும் அறிக்கை கைக்கு வந்தால், செய்தியாளர் அதை மறுபடியும் ‘கசிவு’ என்று மாற்றி எழுதுவதில் தவறில்லை.

கேள்வி: நெல் வயலும் மாடும் பசுமை இல்ல வாயுவை உமிழ்கின்றன என்று வேளாண் கூட்டத்தில் சொன்னார்கள். ஆலைக்காரனை விட்டுவிட்டு எங்கள் மாட்டைப் பிடிப்பது நியாயமா? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: நியாயம் பிறகு, சொல்லளவில் பார்த்தால், உமிழ்வு என்ற சொல் யாருக்கேனும் நூற்றுக்கு நூறு பொருந்துமென்றால் அது உங்கள் மாட்டுக்குத்தான். மாட்டின் பின்புறத்திலிருந்து மீத்தேன் வருவதாகப் பலர் கேலியாகப் பேசுகிறார்கள், அது பெரும்பாலும் பிழை. அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் வைக்கோலும் புல்லும் நொதிக்கும்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் மிகப் பெரும் பகுதி ஏப்பமாகவும் மூச்சாகவும் முன்வழியாகவே வெளிவருகிறது. மாலையில் தொழுவத்தில் படுத்துக் கண்ணைப் பாதி மூடி அசைபோடும் பசுவின் கழுத்தை உற்றுப் பாருங்கள். ஓர் உருண்டை விழுங்கப்பட்டு, சற்று இடைவெளிக்குப் பின் அடுத்த உருண்டை மேலேறி வரும். அந்த வயிற்றில் சேரும் வாயு இடையிடையே ஓசையின்றி வாய்வழியாக வந்துவிடும். புகைபோக்கிக்கு வாய் என்பது உவமைதான், பசுவுக்கோ மெய்யாகவே வாய்.

வயலில் உமிழ்வது நெல் அன்று, சேறு. தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணுக்குள் காற்று புகாதபோது, அங்கே மட்கும் தாளையும் வேரையும் கொண்டு நுண்ணுயிர்கள் மீத்தேனை உருவாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் அந்த வாயுவுக்கு வழிவிடும் குழாய்களாக அமைந்துவிடுகின்றன. மீதி குமிழிகளாக நீரில் எழும்பும். இதைக் குறைப்பதற்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கும் முறையின் ஆங்கிலப் பெயர் நீளமானது. நம் வயலில் அதற்குப் பெயர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. தேங்கிய நீர் வற்றி மண் லேசாகக் கீறல் விடும்வரை காயவிட்டு, அதன்பின் மறுபடியும் பாய்ச்சினால், மண்ணுக்குள் காற்று புகுந்து மீத்தேன் கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருந்து கடைமடைக்கு வந்த தண்ணீரை வயலில் தேக்கிக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது மன்னார்குடிக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மீத்தேனின்மேல் ஏன் இத்தனை கண் என்றால், எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் எல்லா வாயுக்களையும் ‘கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான டன்’ என்ற ஒரே நாணயத்துக்கு மாற்றிக் கூட்டுகிறார்கள். இப்படி மாற்றிக் கூட்டும்போது பிழைப்புக்கான உமிழ்வும் ஆடம்பரத்துக்கான உமிழ்வும் ஒரே பத்தியில் விழுந்துவிடுகின்றன. உங்கள் கோபம் இந்த இடத்தில் நியாயமானது. 1991ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் ஆய்வாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் டெல்லியிலிருந்து இதே வாதத்தை உலக அரங்கில் எழுப்பினார்கள்: ஏழையின் நெல் வயலையும் பணக்காரரின் காரையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்று.

கேள்வி: அப்படியானால் நாம் விடும் மூச்சும் உமிழ்வா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஒருவர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சாக விடுகிறார். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் உண்ட அரிசியும் பருப்பும் சில மாதங்களுக்கு முன்புதான் அந்தக் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்தன. எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறோம். பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்கடியில் கிடந்த நிலக்கரியை வெளியே எடுத்து எரிப்பதுதான் கணக்கைக் குலைக்கிறது. தாராளமாக மூச்சுவிடுங்கள்.

கேள்வி: ‘இந்தியாவின் உமிழ்வு குறைந்தது’ என்று ஒரு நாளிதழும் ‘உமிழ்வு கூடியது’ என்று இன்னொரு நாளிதழும் ஒரே வாரத்தில் எழுதின. எதை நம்புவது? (வாசகர், சென்னை)

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதல் நாளிதழ் ‘உமிழ்வுச் செறிவு’ என்று எழுத வேண்டியதில் பாதிச் சொல்லை விட்டிருக்கும். ஒரு தேநீர்க் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நூறு தேநீருக்கு ஒரு சிலிண்டர் என்று செலவான கடையில் இப்போது முந்நூறு தேநீருக்கு இரண்டு சிலிண்டர் செலவாகிறது என்றால், ஒரு தேநீருக்கான எரிவாயு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆனால் கடை எரிக்கும் எரிவாயு இரட்டிப்பாகியிருக்கிறது. இந்தியா 2022இல் உலகுக்குக் கொடுத்த உறுதிமொழி முதல் வகைக் கணக்கு: நாட்டின் பொருளாதார உற்பத்தியில் ஓர் அலகுக்கு ஆகும் உமிழ்வை, 2005ஆம் ஆண்டு இருந்ததைவிட 45 விழுக்காடு 2030க்குள் குறைப்பது. மொத்த உமிழ்வு அதுவரை கூடிக்கொண்டே போகலாம்.

2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா 2070ஆம் ஆண்டுக்கென அறிவித்தது வேறு கணக்கு. ‘நிகர சுழிய உமிழ்வு’ என்பதில் நம் எழுத்தாளர்கள் அடிக்கடி விழுங்கிவிடுவது முதற்சொல்லை. நிகர ஊதியம் என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது என்று சம்பளக்காரர் எல்லாருக்கும் தெரியும். அதுபோலவே இங்கும், உமிழ்ந்ததில் காடும் மண்ணும் பிற வழிகளும் உறிஞ்சியதைக் கழித்த பின் மீதி ஒன்றுமில்லை என்று பொருள். உமிழ்வே இராது என்று பொருளல்ல.

இதோடு மூன்றாவது குழப்பத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உமிழ்வு என்பது வரவு. காற்றில் உள்ள அளவு என்பது இருப்பு. வரவு குறைந்தாலும், உறிஞ்சப்பட்டுப் போகும் செலவைவிட அது கூடுதலாக இருக்கும்வரை இருப்பு ஏறிக்கொண்டேதான் போகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொலைக்காட்சியில் காட்டும் காற்றுத் தரக் குறியீடும் இருப்பைச் சொல்வதே, உமிழ்வை அன்று. போகிப் பண்டிகை விடியலில் சென்னை மூச்சுத் திணறுவதற்குப் பழைய பாயும் டயரும் உமிழும் புகை பாதிக் காரணம் என்றால், மார்கழிக் குளிரில் தரையோடு ஒட்டி நகராமல் நிற்கும் காற்று மீதிப் பாதி.

கேள்வி: மின்சார ஸ்கூட்டரை ‘சுழிய உமிழ்வு வாகனம்’ என்று விளம்பரப்படுத்துகிறார்களே? (வாசகர், ஓசூர்)

பதில்: சைலன்சரே இல்லாத வண்டிக்குச் சைலன்சரில் உமிழ்வில்லை என்பது மெய். அதனால்தான் அதற்கு மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் தேவைப்படுவதில்லை. ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆகவே வண்டி உமிழாததை எங்கோ ஒரு புகைபோக்கி உமிழ்கிறது. டயரும் பிரேக்கும் தேய்ந்து எழும் தூசியும் உண்டு. மொத்தத்தில் பெட்ரோல் வண்டியைவிட நல்லதே. ‘புகையில்லா வண்டி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது.

கேள்வி: ‘கரியமில வாயு’, ‘கரியுமிழ் வாயு’ – எது சரி? உமிழ்வு என்ற சொல் அதில் இருக்கிறதா? (மெய்ப்புத் திருத்துநர், சிவகாசி)

பதில்: ‘கரியமில வாயு’ என்பதே சரி. கரி, அமிலம் என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது; நீரில் கரைந்தால் மென்மையான அமிலமாகும் வாயு என்பதால் ஆங்கிலத்தில் ‘கார்பானிக் ஆசிட் கேஸ்’ என்று முன்பு வழங்கிய பெயரைத் தமிழாக்கியிருக்கிறார்கள். சோடா பாட்டிலைத் திறந்து குடிக்கும்போது நாவில் ஏறும் சுருசுருப்பு அந்த அமிலத்தால் வருவது. கரியை எரித்தால் உமிழப்படும் வாயு அல்லவா என்று எண்ணி யாரோ ‘கரியுமிழ்’ ஆக்கியிருக்கிறார்; வேறு சிலர் இரண்டையும் கலந்து ‘கரியுமில’ என்று எழுதுகிறார்கள். பிழைதான் என்றாலும் பொருள் தெரிந்து செய்த பிழை. உங்கள் அச்சகத்துக்கு வரும் படியில் அடித்துத் திருத்துங்கள், எழுதியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.